ஈரானுக்குக் கட்டிய குழாய்

ஈரான் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாமல், ஈரான்காரர்களுக்குக் கேட்கட்டும் என்று இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்களையும் வங்காள விரிகுடாவைப் பார்த்துக் கட்டிய அறிவாளி நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நம் சங்கத்து மலரில் எழுதச் சொல்லி வந்த தம்பிகள், “உங்க அனுபவத்தை எழுதுங்கண்ணே, புதுசா மைக் செட் தொழிலுக்கு வர்ற பசங்களுக்கு உதவும்” என்றார்கள். என் அனுபவம் பெரும்பாலும் இந்த ரகம்தான். உதவுமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

என் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். பழவேற்காட்டில் பிறந்தவனுக்கு வெளிநாடு என்றால் கடல் பக்கம். டச்சுக்காரன் வந்தது கடல் வழி, திரும்பிப் போனதும் கடல் வழி. போக முடியாதவன் கல்லறையில் படுத்திருக்கிறான். ஏரிப் பக்கம் என்ன இருக்கிறது? பொன்னேரி. அதற்கு அப்பால் ரயில். பொன்னேரிக்குப் பின்னால் ஈரான் இருக்கும் என்று எவன் நினைப்பான்?

திசைதான் தெரியவில்லை, தொழிலாவது தெரிய வேண்டாமா? சாயங்காலம் கடல் காற்று கரையைப் பார்த்து அடிக்கும். காற்றுக்கு எதிரே குழாய் கட்டினால் சத்தம் நம் முகத்திலேயே திரும்பி வந்து விழும். நேற்று தொழிலுக்கு வந்தவனுக்கும் இது தெரியும். எனக்குத் தெரியாமல் இல்லை, ஈரான் என்றதும் மறந்துபோய்விட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிட்டால்தான் கதை விளங்கும். இந்த வட்டாரத்தில் எனக்கு ஒரு பேர் உண்டு. கூட்டத்தில் ஒருவர் பேச்சை நிறுத்தாமல் அறுத்துக்கொண்டிருந்தால், கூட்டம் போட்டவர் என்னைப் பார்த்துத் தலையைச் சொறிவார். நான் ஆம்ப்ளிஃபயர் சுவிட்சை மெல்ல அமுக்குவேன். பிறகு எழுந்து வானத்தைப் பார்த்து, “இந்த ஈபி-காரனுங்களுக்கு நேரம் காலமே கிடையாதுப்பா” என்று சலித்துக்கொள்வேன். காதுகுத்தில் கவிதை வாசிக்க வந்த தாய்மாமன் முதல் கட்சிக் கூட்டத்துப் பேச்சாளர் வரை எத்தனையோ பேரை இப்படி இறக்கியிருக்கிறேன். முதலில் இது ரகசியமாக இருந்தது. பிறகு ஊருக்கே தெரிந்துவிட்டது. நான் எழுந்து வானத்தைப் பார்த்தாலே கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. இதைக் கலை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஏரிக்கு அக்கரையில், கலங்கரை விளக்கத்துப் பக்கமுள்ள ஒரு குப்பத்திலிருந்து கஸ்தூரி வந்தாள். பஜாரில், டச்சுக் கல்லறைக்குப் போகும் வழியில் மீன் விற்பவள். கூடையை இறக்கி வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“மைக்கண்ணா, எங்க குப்பத்துல பொம்பளைங்க ஒரு கூட்டம் போடப் போறோம். மைக்கு வேணும்.”

“இன்னா விசேஷம்? சீமந்தமா?”

“ஈரானுக்கு.”

ஈரானுக்கு யார் சீமந்தம் செய்கிறார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

அவள் புருஷன் சேகர் ஈரானில் ஒரு துறைமுகத்தில் மீன்பிடிப் படகில் வேலை பார்த்துவந்தான். நம் பக்கத்துப் பையன்கள் இன்னும் சிலரும் அங்கே இருந்தார்கள். போன புதிதில் சேகருக்குக் கடுமையான காய்ச்சல். படகுச் சொந்தக்காரர் அவனைத் தன் வீட்டிலேயே கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டார். கல்லூரியில் படிக்கும் அவர் மகள்தான் வேளாவேளைக்கு சூப்பு வைத்துக் கொடுத்தது. சேகர் சொல்லிக்கொடுத்து, “அண்ணா” என்றுதான் அவனைக் கூப்பிடுமாம். அந்தப் பெண்ணின் அம்மாவும் கஸ்தூரியும் போனில் முகம் பார்த்துப் பேசுவார்கள். பேசுவார்கள் என்றால் என்ன, ஒரு சொல்லும் இருவருக்கும் பொது கிடையாது. இவள் கூடையிலிருந்து மடவை மீனைத் தூக்கிக் காட்டுவாள். அவள் அடுப்பில் கொதிப்பதைக் காட்டுவாள். இருவரும் சிரித்துவிட்டு வைத்துவிடுவார்கள்.

பிறகு அந்த நாட்டில் சனங்கள் தெருவுக்கு வந்தார்கள். எங்களை யார் ஆள்வது என்று நாங்கள்தான் சொல்ல வேண்டும், என் தலையில் துணி போடுவதா வேண்டாமா என்று நான்தான் சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டவர்களை அடித்தார்கள், சுட்டார்கள், பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தப் பெண்ணையும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தாய்க்குச் சொல்லவில்லை. நெட்டையும் நிறுத்திவிட்டார்கள்.

அந்தத் தாயின் தங்கை மஸ்கட்டில் இருக்கிறாள். அவள் பக்கத்து வீட்டில் ஒரு தமிழ்க் குடும்பம். அவர்கள் வழியாகக் கஸ்தூரிக்கு ஒரு செய்தி வந்தது. உன்னால் முடிந்தால் என் மகளின் பேரைச் சொல், பலபேர் கேட்கச் சொல், அதைப் படம் பிடித்து அனுப்பு. வெளியே பேர் தெரிந்தவர்களைத் தொட அவர்கள் கொஞ்சம் யோசிக்கிறார்கள், பேர் தெரியாதவர்கள் காணாமல் போகிறார்கள். இவ்வளவுதான் செய்தி.

“சேகரு இன்னா சொல்றான்?” என்றேன்.

“கேக்காம செய்வனா? எப்டியோ போன் லைன் கெடச்சு ஒரே ஒரு வாட்டி பேசுச்சு. ‘என்னை அண்ணானு கூப்ட்ட பொண்ணு அது, பேரச் சொல்லு’னு சொல்லிடுச்சு. வேலை போனா போவட்டுமாம்.”

“போனா போவட்டும்னா... அவனையும் புடிச்சு உள்ள வெச்சா?”

அவள் கூடையை மூடியிருந்த ஈரச் சாக்கை இழுத்துச் சரிசெய்தாள்.

“தெனம் அந்தக் கல்லறைக்கு எதுர்லதான் மீன் விக்கிறேன். செத்துப்போன டச்சுக்காரன் பேரை எவ்ளோ அயகா கல்லுல வெட்டி வெச்சிருக்கான் பாரு. அதப் படிக்க எங்கேருந்தோ காரு வெச்சிக்கினு வர்றாங்க. உசுரோட கீற ஒரு பொண்ணு பேரச் சொல்ல நான் பயந்துக்கினு இருக்கணுமா? மைக்கு தர்றியா, வேற ஆளப் பாக்கட்டுமா?”

தருகிறேன் என்றேன்.

மைக்குக்கு அனுமதி வாங்க ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கிருந்த ஏட்டய்யா, “எந்தக் கட்சி?” என்றார். “ஈரானுங்க” என்றேன். “அது எந்தக் கூட்டணில கீது?” என்றார். கஸ்தூரி பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு, “எனக்கும் ரெண்டு பொண்ணும்மா. இருட்டுறதுக்குள்ள முடிச்சிருங்க” என்றார்.

கஷ்டம் அங்கே இல்லை, குப்பத்தில் இருந்தது. நம் மீனவக் குப்பங்களில் ஊர்க்கூட்டம் என்றால் ஆண்கள்தான் உட்காருவார்கள். பெண்களைப் பற்றிய வழக்காக இருந்தாலும் பெண்கள் தள்ளி நின்றுதான் கேட்க வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் பெண்கள் கூடி, மைக்கும் வைத்துப் பேசுவது என்றால் ஊர்த் தலைவருக்கு எப்படி இருக்கும்? நான் கம்பம் நட்டுக்கொண்டிருந்தபோது என்னைத் தனியாக, கரையில் ஏற்றி வைத்திருந்த அவருடைய ஃபைபர் படகுக்குப் பின்னால் கூப்பிட்டார்.

“இன்னா மைக்கு, ஊர்த் திருவிழாவுக்கெல்லாம் உன்னதான் கூப்புட்றேன், இல்ல?”

“ஆமா தலைவரே.”

“பொம்பளைங்க பேசட்டும், நான் ஒண்ணும் தடுக்கல. ஆனா அந்தப் பொண்ணு பேரு மட்டும் வெளிய வரக்கூடாது. எங்க அக்கா மவனும் அங்கதான் கீறான். நாளைக்கு அவனுக்கு ஒண்ணு ஆனா நான் அக்கா மூஞ்சில எப்படி முழிப்பேன்? அவ பேரச் சொல்ல வாயத் தொறக்கறப்ப நீ உன் ஈபி வேலையக் காட்டிடு.”

அவர் கெட்டவர் இல்லை, தம்பிகளே. நிஜமாகவே பயந்திருந்தார். நான், “சரி தலைவரே” என்றேன். கஸ்தூரியிடமும் சரி, அவரிடமும் சரி. யார் கேட்டாலும் சரி சொல்வது என் சுபாவம். என் கல்யாணமே அப்படித்தான் நடந்தது.

திரும்பி வந்து கம்பத்தில் ஏறிக் குழாய் கட்டிக்கொண்டிருந்தேன். கீழே கஸ்தூரி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஏண்ணா, கொழாய ஏன் கடலப் பாத்து வெக்கிற?”

“ஈரானுக்குக் கேக்க வேணாவா?”

“அங்க கீறது அந்தமானு. என் புருசன் ஏறுன ஏரோப்ளேன் அந்தாண்ட போச்சு.” ஏரிப் பக்கம் கையைக் காட்டினாள்.

மறுபடி அவிழ்த்துக் கட்டச் சோம்பலாக இருந்தது. “உலகம் உருண்டைதான, சுத்திக்கினு போவும்” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

சாயங்காலம் பெண்கள் வந்தார்கள். மீன் விற்றுவிட்டு வந்தவர்கள், வலையில் இறால் பொறுக்கிவிட்டு வந்தவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள். பஜார்ப் பக்கத்திலிருந்து மும்தாஜ் அக்கா படகேறி வந்திருந்தார். பனையோலைப் பெட்டி முடைகிறவர். படம் பிடிக்கிற பொறுப்பு அவருடையது, அவரிடம்தான் நல்ல போன் இருந்தது. ஆண்கள் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அதில் ஒருவன், “இன்னா மும்தாஜக்கா, நீயே முக்காடு போட்டுக்கினு வந்து முக்காடு வேணாம்னு கூட்டம் போட்ற?” என்று சீண்டினான்.

மும்தாஜ் அக்கா போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எனக்குப் புடிச்சிருக்கு, போட்டுக்கறேன். போடுனு எவனாவது கம்ப எடுத்துக்கினு வந்தான்னா மொதல்ல அந்தக் கம்பப் புடுங்குவேன். நீ கொஞ்சம் தள்ளு, படத்துல உன் மூஞ்சி வருது” என்றார். அவன் தள்ளிப் போனான்.

கஸ்தூரி மைக்கைப் பிடித்தாள். காய்ச்சலில் கிடந்த புருஷன், சூப்பு வைத்துக் கொடுத்த பெண், மடவையைக் காட்டிச் சிரித்த தாய், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். “நாங்க உங்க பாஷ தெரியாதவங்க. ஆனா எங்க ஊர்க்கூட்டத்துலயும் எங்களுக்கு எடம் கெடையாது. அதனால நீங்க எதுக்குத் தெருவுக்கு வந்தீங்கனு எங்களுக்குப் புரியுது” என்றாள். பெண்கள் கை தட்டினார்கள். தலைவர் என்னைப் பார்த்தார்.

“இப்ப அந்தப் பொண்ணு பேரச் சொல்றேன்,” என்றாள் கஸ்தூரி.

தலைவர் தலையைச் சொறிந்தார்.

என் விரல் சுவிட்சின் மேல் இருந்தது. எத்தனை வருடப் பழக்கம்! என்னைக் கேட்காமலே விரல் போய் அங்கே உட்கார்ந்துவிட்டது. இத்தனை நாள் நான் அணைத்தது மனிதர்களுடைய வளவளப்பை. இது வளவளப்பு இல்லை. எங்கோ ஒரு தாய் கேட்டு, அதற்கு ஒரு புருஷன் ஒப்புக்கொண்டு, ஒரு பெண்டாட்டி எல்லாவற்றையும் எடைபோட்டு முடிவுசெய்த பிறகு, என் விரல் அதற்கு மேலே போய் என்ன முடிவு செய்வது? விரலை எடுத்தேன். அது மறுபடி போய்விடுமோ என்று பயந்து, கையையே தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நொடியில் கரண்ட் போனது.

நிஜமாகவே போனது, தம்பிகளே. ஈபிதான். தாயாணை. குழாய் ஊமையாகிவிட்டது. கூட்டம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. நானோ திருடன் மாதிரிக் கையை ஒளித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பழக்க தோஷம், எழுந்து வானத்தைப் பார்த்துத் தொலைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. தலைவர் மட்டும் மெல்லத் தலையசைத்து, ‘நல்ல வேலை’ என்பதுபோல் பார்த்தார். அந்தப் பாராட்டு எனக்குச் செருப்படியாக இருந்தது.

கஸ்தூரி என்னை ஒருமுறை பார்த்தாள். மைக்கைக் கீழே வைத்தாள். பஜாரில் மீன் கூவுகிறவள்தானே, அந்தக் குரலை எடுத்து அந்தப் பேரைச் சொன்னாள். பெண்கள் அத்தனை பேரும் திருப்பிச் சொன்னார்கள். ஆனால் கடல் காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. மும்தாஜ் அக்கா போனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“காத்துதான் கேக்குது. பேரு கேக்கல.”

“விடு, கரண்டு வந்தப்புறம் பாத்துக்கலாம். எல்லாரும் வீட்டுக்குப் போங்க” என்றார் தலைவர்.

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் என் மேல் யாரும் சட்டப்படி ஒரு குற்றமும் சொல்ல முடியாது. நான் சுவிட்சை அமுக்கவில்லை. தலைவருக்கும் திருப்தி, என் திருவிழா வேலையும் பத்திரம். பழியைச் சுமக்க ஈபி இருக்கிறது. தப்பித்துக்கொள்ள இப்படி ஒரு வழி தானாக வந்து காலடியில் விழும்போதுதான் நம் தொழில் நம்மைச் சோதிக்கிறது. கரண்ட் போவது நம் கையில் இல்லை. போன பிறகு சும்மா உட்கார்ந்திருப்பது நம் கையில்தான் இருக்கிறது.

என் ஆம்ப்ளிஃபயர் பழையது. பேட்டரியிலும் ஓடும். என்னிடம் பேட்டரி இல்லை. அந்த மணலில் கண்ணுக்கெட்டிய பேட்டரி ஒன்றே ஒன்றுதான், அது தலைவர் படகில் இருந்தது. எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று கேட்டேன். நகைச்சுவையாகக் கேட்க நினைத்தேன், நகைச்சுவை வரவில்லை.

“தலைவரே, உங்க போட்டு பேட்டரி வேணும்.”

அவர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. “இன்னா மைக்கு, வெளையாடுறியா? அங்க கீற பசங்களுக்கு நீயா பதில் சொல்வ? எங்க அக்கா மவன்...”

“ஏண்டா,” என்று ஒரு குரல் வந்தது. பெண்கள் நடுவிலிருந்து அவருடைய அக்கா பொன்னம்மா எழுந்து வந்தார். சேகரோடு ஈரானுக்குப் போன அந்தப் பையனின் தாய். “எம் மவன வெச்சு நீ பயந்துக்கினு கீறியே, பெத்தவ என்ன ஒரு வார்த்த கேட்டியாடா? எம் மவன அங்க அவங்க உள்ள வெச்சா, நான் இன்னா பண்ணுவேன்? ஊரு ஊரா அவன் பேரச் சொல்லிக்கினு திரிவேன். அத்தத்தான் அவளும் கேக்குறா. எட்றா பேட்டரிய.”

தலைவர் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு யாரையும் அனுப்பாமல் தானே போனார். பேட்டரியைக் கழற்றித் தோளில் சுமந்து வந்து என் முன்னால் மணலில் வைத்தார்.

வயரை மாட்டும்போதுதான் குழாய் ஞாபகம் வந்தது. பேட்டரிக்கு ஒரு குழாய்தான் தாங்கும். என் வயசையும் தொந்தியையும் மறந்து கம்பத்தில் ஏறினேன். கடலைப் பார்த்திருந்த குழாயை அவிழ்த்து ஏரிப் பக்கம் திருப்பிக் கட்டினேன். வேட்டி கம்பத்து ஆணியில் மாட்டிக் கிழிந்தது. கூட்டத்தில் முதல் சிரிப்பு அப்போதுதான் கேட்டது, கேட்டுப் போகட்டும்.

கஸ்தூரி மறுபடி மைக்கை எடுத்தாள். பேரைச் சொன்னாள். பொன்னம்மா சொன்னார். ஒவ்வொரு பெண்ணாக வந்து மைக்கில் சொல்லிவிட்டுப் போனார்கள், ஆளுக்கொரு உச்சரிப்பில். முதுகில் அடித்த கடல் காற்று அந்தப் பேரைத் தூக்கிக்கொண்டு ஏரியைத் தாண்டிப் போனது. பஜாரில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள், யார் வீட்டுப் பெண்ணைக் காணோம் என்று எழுந்து வந்து பார்த்தார்களாம். மும்தாஜ் அக்கா போனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, “கேக்குது” என்றார்.

படம் மஸ்கட்டுக்குப் போனது. அங்கிருந்து எப்படியோ அந்தத் தாயிடமும் போய்ச் சேர்ந்தது. எங்கள் குழாயால்தான் அந்தப் பெண் வெளியே வந்தாள் என்று நான் பெருமையடிக்க மாட்டேன். எத்தனை ஊர்களில் எத்தனை பேர் அங்கே பிடிபட்டவர்களின் பேர்களைச் சொன்னார்களோ, அதில் இதுவும் ஒன்று. ஆனால் வெளியே வந்துவிட்டாள். ஒருநாள் அந்தத் தாயிடமிருந்து கஸ்தூரிக்கு ஒரு படம் வந்தது. அதில் முகம் இல்லை. சூப்புப் பாத்திரத்தைக் கலக்கும் ஒரு கை மட்டும். கஸ்தூரி அந்தக் கையைப் பார்த்ததும் பஜாரிலேயே உட்கார்ந்து அழுதாள். சேகருக்கு வேலை போனது. அவனும் பொன்னம்மா மகனும் நல்லபடியாகத் திரும்பி வந்து ஏரியில் இறால் வலை போடுகிறார்கள். அங்கே இன்னும் உள்ளே இருப்பவர்கள் நிறையப் பேர் என்று சேகர் சொல்வான். குப்பத்துப் பெண்கள் அதன் பிறகும் இரண்டு முறை கூடினார்கள். பேட்டரி தலைவருடையதுதான்.

அந்தப் பெண்ணின் பேரை ஏன் நான் இங்கே எழுதவில்லை என்று கேட்பீர்கள். உள்ளே இருந்தபோது சொல்லச் சொன்ன தாய், வெளியே வந்த பிறகு, போதும், இனி வேண்டாம் என்று சொல்லியனுப்பினாள். எப்போது சொல்வது, எப்போது நிறுத்துவது என்பதை அந்தப் பேருக்கு உரியவர்கள் முடிவு செய்யட்டும். உங்கள் விரல் சுவிட்சின் மேல் போய் உட்காரும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஞாபகம் வராவிட்டால் கையின் மேல் உட்கார்ந்துகொள்ளுங்கள். எனக்கு அது உதவியது.

இப்போது காது மந்தமாகி நான் தொழிலை விட்டுவிட்டேன். மைக் செட்காரனுக்குக் காது போவது நியாயமான தண்டனைதான். ஒரே ஒரு குறை மட்டும் மிச்சம். அன்றைக்குக் கரண்ட் நிஜமாகவே போனது என்பதை இன்றுவரை ஒருவர்கூட நம்பவில்லை. போன வாரம்கூட மீன் வாங்கப் போனபோது கஸ்தூரியிடம், “சத்தியமா அன்னிக்கு நான் அமுக்கலம்மா, ஈபிதான், நம்பு” என்று ஆரம்பித்தேன். அவள் மடவையின் செதிலைச் சுரண்டிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்:

“கொழாய ஏரிப் பக்கம் திருப்புன இல்ல, அது போதும்ணா.”